நிற்கிற கட்டத்தை எண்ணாதே

கறார் டீச்சர் வருகிறார் என்றால் அந்த மழலையர் பள்ளியின் கேட்டில் நிற்கும் அம்மாக்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நாலு வயதுப் பிள்ளையிடம் போய் யாராவது கறாராக இருப்பார்களா? இவர் இருப்பார். "சின்னக் குழந்தைதானே டீச்சர், ஒரு தடவை ஜெயிக்க விட்டா என்ன குறைஞ்சிடும்?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். "சின்னக் குழந்தைங்கறதாலதான் இப்பவே தோக்கக் கத்துக் குடுக்கறேன். உங்க வயசுல வந்து கத்துக்கிட்டா ரொம்ப வலிக்கும்" என்று முகத்தில் அடித்தாற்போல் பதில் வரும்.

பிள்ளைகளோடு பலகை விளையாட்டு ஆடுவதுதான் அவர் வேலை. பக்கத்து அறையில் எழுத்துப் பாடம் நடத்தும் இளம் டீச்சருக்கு அது வேலையாகவே தெரியவில்லை. "எனக்கு விரல் தேயுது, அவங்களுக்குப் பகடை தேயுது" என்று ஊழியர்களின் மதியச் சாப்பாட்டு மேசையில் சொல்வாள். கறார் டீச்சர் அதே மேசையின் மறுமுனையில்தான் உட்கார்ந்திருப்பார். டப்பாவை மூடிக்கொண்டே, "உன் பிள்ளைங்க நோட்டுல அழகா எழுதுதுங்க. அப்புறம் அந்தப் பென்சிலால பக்கத்துல இருக்கறவனைக் குத்துதுங்க. அதை நிறுத்தறதுதான் என் வேலை" என்பார். அதற்குமேல் அந்த மேசையில் யாருக்கும் சாப்பாடு இறங்காது.

விளையாட்டு அறை ஒரு காலத்தில் கார் ஷெட்டாக இருந்தது. ஷட்டர் முக்கால்வாசிதான் ஏறும். பிள்ளைகள் நேராக நடந்து வருவார்கள், பெரியவர்கள் குனிந்து வரவேண்டும். அதைச் சரிசெய்ய ஆள் கூப்பிடலாம் என்று சொன்னபோதெல்லாம் டீச்சர் வேண்டாம் என்றுவிட்டார். உள்ளே மூன்று மேசை. பிள்ளைகளின் உயரத்துக்குக் கால்களை அறுத்தது அவர் கணவர். லிஃப்ட் மெக்கானிக். ஊர்க் கட்டடங்களையெல்லாம் அளவெடுத்து வேலை பார்ப்பவர், வீட்டு வேலை என்றதும் கண்ணளவில் அறுத்துவிட்டார். ஒரு மேசை இன்னும் ஆடுகிறது, காலுக்கடியில் மடித்த அட்டை. அலமாரியில் ஜோடி சேர்க்கும் அட்டைகள், நிறம் பார்த்து நகரும் பலகை, கட்டை அடுக்கும் ஆட்டம், பாம்பும் ஏணியும். கடையில் வாங்கிய காய்கள் ஒன்றுகூட மிச்சமில்லை. பாதி தொலைந்தது, பாதியைப் பிள்ளைகள் மென்றுவிட்டன. அவற்றுக்குப் பதில் சாயம் பூசிய பாட்டில் மூடிகள். பகடை, கைக்குள் அடங்காத ஸ்பாஞ்சுப் பகடை. அப்புறம் ஒரு மரக்கட்டை. யார் கையில் அந்தக் கட்டை இருக்கிறதோ அவர்தான் ஆடவேண்டும். அதற்குப் பெயர் முறைக்கட்டை. ஆடி முடித்ததும் அடுத்த பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். தூக்கிப் போடக்கூடாது, மேசையில் வைக்கக்கூடாது, கையில் கொடுத்து, "உன் முறை" என்று சொல்ல வேண்டும். இந்த ஒன்றைப் பழக்கவே அவருக்கு மழைக்காலம் முழுக்க ஆகிவிடும்.

இந்த வேலைக்கு அவர் ஆசைப்பட்டு வரவில்லை. கல்யாணத்துக்கு முன்பு ஒரு பொம்மைக் கடையில் விளையாட்டுகளை ஆடிக்காட்டும் வேலை. வருகிற குடும்பத்தை உட்கார வைத்து ஒரு சுற்று ஆடிக்காட்டினால் பெட்டி விற்கும். அங்கேதான் பெரியவர்களை அவர் நன்றாகத் தெரிந்துகொண்டார். அப்பாக்கள் பிள்ளைக்காக விட்டுக்கொடுத்துத் தோற்பார்கள், அல்லது பிள்ளையிடமே தோற்கப் பொறுக்காமல் ஏமாற்றுவார்கள். நியாயமாக ஆடியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர் கட்டிக்கொண்டவரோ இன்றைக்கும் கேரம் பலகையில் தோற்றால் ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்கிற ஆள். அந்த ஆளின் அக்கா தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் மழலையர் பள்ளி ஆரம்பித்தபோது, பிள்ளைகளைச் சமாளிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. நாத்தனார் வெளியில் தேடிப் பார்த்தார், கட்டுப்படியாகவில்லை, தம்பி பெண்டாட்டியைக் கூப்பிட்டார். டீச்சர் பயிற்சிப் படிப்பை அப்புறம் தபாலில் படித்து முடித்தார்.

வீட்டில் "அண்ணி" என்று கூப்பிடுபவரைப் பள்ளிக் கேட்டுக்குள் "மேடம்" என்று கூப்பிட வேண்டும். அது நாத்தனார் போட்ட விதி. டீச்சர் விதிகளை மதிப்பவர், கூப்பிட்டார். ஆனால் அவர் "மேடம்" என்று சொல்கிற தோரணையைக் கேட்டால், அதைவிடத் திட்டியிருக்கலாம் என்று இருக்கும்.

அந்த வருடம் நடுவில் வந்து சேர்ந்தாள் ஒரு பெண். அதற்கு முன் இரண்டு பள்ளிகள் வேண்டாம் என்று அனுப்பிய பிள்ளை. அம்மா துணி தைக்கும் கம்பெனிக்குக் காலை வண்டி பிடிக்கிறவள். அப்பா பார்சல் குடோனில் பெட்டி எண்ணி ஏற்றுகிறவர். வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லை. வந்த வாரத்திலேயே அவளுக்குப் பெயர் விழுந்துவிட்டது: புல்டோசர். அமைதியாக உட்கார்ந்து ஆடிக்கொண்டே இருப்பாள். திடீரென்று பலகையின் விளிம்பைப் பிடித்து ஒரே தூக்கு. மூடிகள் நாலு மூலைக்கும் பறக்கும். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க நிற்பாள். அழமாட்டாள். மன்னிப்பும் கேட்கமாட்டாள்.

டீச்சருக்கு அவளைப் பிடிக்கவில்லை. இதை அவர் மறைக்கவும் இல்லை. "அழுகிற பிள்ளையைச் சமாளிச்சிடலாம். இது நம்மளை ஏதோ குற்றவாளி மாதிரி முறைக்குது" என்று கணவரிடம் சொன்னார். பலகை கவிழும்போதெல்லாம் அவளையே பொறுக்க வைத்தார். அவளும் ஒன்றுவிடாமல் பொறுக்கினாள். மறுநாள் மறுபடி கவிழ்த்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பறந்த பலகை, எதிரில் இருந்த பையனின் உதட்டில் பட்டது. அவன் பெயர் முத்துப்பல். சிரித்தால் விளம்பரத்துக்கு எடுக்கலாம் போன்ற பல்வரிசை. அம்மா பல் டாக்டர். உதட்டில் கீறல், முன்பல் லேசாக ஆடியது. பால்பல்தான், எப்படியும் விழப்போகிறதுதான். இருந்தாலும் டாக்டர் அம்மா கிளினிக்கைப் பாதியில் விட்டுவிட்டு, கழுத்தில் மாஸ்க் தொங்க வந்து இறங்கினார்.

"ஊர்ல இருக்கற பல்லையெல்லாம் நான் காப்பாத்தறேன். என் பையன் பல்லை இங்க உடைக்கறீங்க."

"உடையல. ஆடுது" என்றார் கறார் டீச்சர்.

"அது எனக்குத் தெரியும். பல்லைப் பத்தி எனக்கு நீங்க சொல்ல வேண்டாம். அந்தப் பொண்ணு இங்க இருந்தா என் பையன் வரமாட்டான். அவன் வரலைன்னா அவன்கூட வேன்ல வர்ற யாரும் வரமாட்டாங்க."

நாத்தனார் டாக்டரை நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஃபேனைக் கூட்டி வைத்துப் பேசினார். அவர் போனதும் ஃபேனை அணைத்துவிட்டுத் தம்பி பெண்டாட்டி பக்கம் திரும்பினார்.

"வெள்ளிக்கிழமை அந்தம்மா வந்து பக்கத்துல உக்காந்து பார்ப்பாங்க. ஒரே ஒரு ஆட்டம். ஆரம்பிச்சது முடியணும். நடுவுல அந்தப் பொண்ணு பலகையைக் கவுத்தா, திங்கக்கிழமையிலேர்ந்து வரவேண்டாம்னு அவங்கப்பாகிட்ட சொல்லிடுவேன்."

"நாலு வயசுப் பிள்ளைக்குப் பரீட்சையா மேடம்?"

"உனக்கும் சேர்த்துத்தான்மா பரீட்சை. இவ்வளவு நாளா அந்த ஷெட்டுல என்ன கிழிச்சேன்னு எல்லாரும் பார்க்கட்டும்."

டீச்சருக்கு எரிச்சல் தலைக்கேறியது. புல்டோசர் மேல் பாசம் பொங்கிவிடவில்லை. ஆனால் தோற்கத் தெரியவில்லை என்று ஒரு பிள்ளையை இங்கிருந்து அனுப்புவது, நீந்தத் தெரியவில்லை என்று நீச்சல் வகுப்பிலிருந்து அனுப்புவது போல. அப்படி ஒரு பிள்ளையும் இதுவரை இந்த ஷெட்டைவிட்டுப் போனதில்லை. இவள் போனால் வேறு எங்கே போவாள் என்பதும் அவருக்குத் தெரியும். சுற்றுவட்டாரத்தில் இனிச் சேர்த்துக்கொள்ள இடமில்லை. பெட்டி ஏற்றுகிற வண்டிகள் முன்னும் பின்னும் ஓடுகிற குடோனில், அப்பாவின் காலடியில் நாளெல்லாம் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

எழுத்து டீச்சர் ஒரு யோசனை சொன்னாள். "பாம்பு மேல எல்லாம் பூ ஸ்டிக்கர் ஒட்டிடுங்க. பாம்பே இல்லாத பலகையில எதுக்குக் கோவப்படப் போறா?"

"அதுக்குப் பேரு விளையாட்டு இல்ல. மாடிப்படி" என்றார் கறார் டீச்சர்.

மறுநாள் சாயந்திரம் விஷயம் எப்படியோ காதுக்கு எட்டி, புல்டோசரின் அப்பன்காரர் ஷட்டருக்குள் குனிந்து வந்தார். குடோன் தூசி சட்டையில் அப்படியே இருந்தது. நிமிர்ந்ததும் குரலும் நிமிர்ந்தது.

"என் பொண்ணைத் துரத்தப் போறீங்களாமே. ஏன்னு கேக்க எனக்கு உரிமை இருக்கா, இல்லையா?"

"பலகையைக் கவுக்கறா. தோக்க முடியல அவளால."

"தோக்கறதுக்கெல்லாம் கவுக்கமாட்டா. வீட்டுல என்கிட்ட தினமும் தோக்கறா, ஒரு வார்த்தை பேசமாட்டா. நீங்க ஏமாத்தறீங்க. எல்லாரும் சேர்ந்து அவளை ஏமாத்தறீங்க. வந்து சொல்லி அழுவுது பிள்ளை."

அழுகிறாள் என்பது டீச்சருக்குப் புதுச் செய்தி. ஆனால் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"ஏமாத்தறோமா? நானா? உக்காருங்க. ஆடிக் காட்டுங்க, எங்க ஏமாத்தறோம்னு பார்ப்போம்."

அவர் அந்தக் குட்டி நாற்காலியில் முழங்கால் காதை இடிக்க உட்கார்ந்தார். பாம்பும் ஏணியும் பலகை, முப்பது கட்டம். பச்சை மூடியை ஏழில் வைத்தார்கள். பகடையில் நாலு விழுந்தது. அப்பன்காரர் ஆள்காட்டி விரலை மூடி இருந்த ஏழிலேயே ஊன்றி, "ஒண்ணு" என்றார். எட்டில் இரண்டு. ஒன்பதில் மூன்று. பத்தில் நாலு. மூடியைப் பத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இங்கதான் வரணும். நீங்க எல்லாரும் இவளைப் பதினொண்ணுல தள்ளி விடறீங்க. அங்க பாம்பு இருக்கு. பிள்ளைக்குக் கோவம் வருமா, வராதா?"

டீச்சர் சிரித்துவிட்டார். அடக்க முடியவில்லை. அப்பன்காரர் முகம் சிவந்தது.

"எதுக்குச் சிரிக்கறீங்க?"

"நிக்கற கட்டத்தைப் போய் எண்றீங்களே."

"எண்ணாம? கையில இருக்கறதுதான் ஒண்ணு. முப்பது பெட்டி ஏத்தணும்னா கையில தூக்கின பெட்டியை விட்டுட்டா எண்ணுவாங்க? அப்படி எண்ணினா ஒரு பெட்டி அதிகமாப் போயிடும். மேஸ்திரி என் தோலை உரிச்சிடுவாரு. என் பொண்ணுக்கு நான்தான் எண்ணக் கத்துக் குடுத்தேன். கையில இருக்கறதை விட்டுட்டு எண்றவன் திருடன்னு சொல்லித்தான் கத்துக் குடுத்தேன்."

டீச்சரின் சிரிப்பு நின்றது. "சரி. ஒண்ணு விழுந்தா?"

"ஒண்ணு விழுந்தா... ஒண்ணு." விரல் அதே கட்டத்தில் ஊன்றியது. அங்கேயே நின்றது.

"அப்போ நகரவே மாட்டீங்களா?"

"ஒண்ணு விழுந்தா அன்னிக்கு அதிர்ஷ்டம் இல்லைன்னு அர்த்தம்" என்றார் அவர், கொஞ்சம்கூட யோசிக்காமல்.

அவர் போன பிறகு டீச்சர் அந்தக் குட்டி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். ஒன்று விழும்போதெல்லாம் அந்தப் பெண் என்ன செய்தாள்? மூடியைத் தொடமாட்டாள். முறைக்கட்டையைப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்து, "உன் முறை" என்பாள். உம்மென்று இருக்கிறாள், ஆட்டத்தில் மனம் இல்லை என்றுதான் இவர் நினைத்திருந்தார். அவளோ தனக்குத் தெரிந்த நியாயப்படி ஒவ்வொரு ஒன்றையும் நஷ்டமாகத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அப்படித் தாங்கியவளின் மூடியை எடுத்து, "தப்பு, தப்பு" என்று கத்திக்கொண்டே நாலு பேர் பாம்பின் வாயில் வைத்தார்கள். அதற்கு இவரும் தலையாட்டியிருக்கிறார். எண்ணத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்தார், எங்கிருந்து எண்ணுகிறாள் என்று பார்க்கவில்லை. இத்தனை வருடம் இதே மேசையில் உட்கார்ந்தும்.

தன்மீதே வந்த கோபத்தில் அன்றைக்கு வீட்டில் கணவரிடம் காரணமில்லாமல் சண்டை போட்டார்.

வியாழக்கிழமை காலை, மற்ற பிள்ளைகள் வெளியில் சறுக்குமரத்தில் இருந்தபோது, ஷெட் தரையில் சாக்கட்டியால் கட்டங்கள் வரைந்தார். புல்டோசரை முதல் கட்டத்தில் நிறுத்தினார்.

"மூணு. போ."

அவள் நின்ற இடத்திலேயே காலை அழுத்தி "ஒண்ணு" என்றாள்.

"நீ குதிச்சியா?"

"இல்ல."

"குதிக்காம எப்படி ஒண்ணாகும்?"

"நான் இங்க இருக்கேன்ல." அவள் முறைத்தாள். "அப்போ நான் ஒண்ணு."

பதில் சரியாகத்தான் இருந்தது. டீச்சர், "பெட்டி எண்ணும்போது நீ சொல்றது சரி. அது உங்கப்பா ஆட்டம். இது வேற ஆட்டம். இதுல பெட்டியை எண்ணக்கூடாது. குதியைத்தான் எண்ணணும். கால் தரையை விட்டு எழும்பினாத்தான் ஒண்ணு" என்றார்.

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

"நீங்க ஏமாத்துவீங்க."

"சரி, நான் குதிக்கறேன். நீ எண்ணு. ஏமாத்தினா பிடி."

ஐம்பதை நெருங்கும் அந்த அம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாக்கட்டிக் கட்டங்களில் குதித்தார். புல்டோசர் இடுப்பில் கைவைத்து எண்ணினாள். ஒருமுறை டீச்சர் வேண்டுமென்றே நின்ற இடத்திலேயே "ஒண்ணு" என்றார். "குதிக்கல" என்று பாய்ந்து வந்து அவர் புடவையைப் பிடித்து இழுத்தாள் அவள். பிறகு அவளே குதித்தாள். பிறகு மேசைக்கு வந்து மூடியைக் குதிக்க வைத்தாள், ஒவ்வொரு குதிக்கும் 'டொக்' என்று சத்தம் வரும்படி. ஒன்று விழுந்து, மூடி முதல்முறையாக ஒரு கட்டம் நகர்ந்தபோது பலகையையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ இத்தனை நாள் அவளிடமிருந்து திருடியதை இப்போதுதான் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது போல. முகத்தில் நன்றி எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை பல் டாக்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். பெரிய நாற்காலி போடச் சொன்னார் நாத்தனார். "பெரிய நாற்காலி இந்த ரூமுக்குள்ள வராது" என்றார் கறார் டீச்சர். டாக்டர் முத்துப்பல்லுக்குப் பக்கத்தில் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களை மேசைக்கடியில் திணித்துக்கொண்டார். நாத்தனார் ஷட்டர் ஓரத்தில் நின்றார். மூன்றாவதாக ஆட உட்கார்ந்தவள் தூங்குமூஞ்சி என்று பெயரெடுத்த ஒரு சின்னப்பெண். உலகமே கவிழ்ந்தாலும் மூக்கு நோண்டுவதை நிறுத்தமாட்டாள் என்பதால்தான் டீச்சர் அவளைத் தேர்ந்தெடுத்தார்.

ஆட்டம் நல்லபடியாகவே போனது. டொக், டொக் என்று புல்டோசரின் பச்சை மூடி நகர்ந்தது. "எதுக்கு இவ்வளவு சத்தம்?" என்றார் டாக்டர்.

பச்சை மூடி பதினேழில் நின்றபோது மூன்று விழுந்தது. இருபதில் பெரிய பாம்பு. எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பழைய கணக்கில் எண்ணினால் பத்தொன்பதில் தப்பித்துவிடலாம். டொக். டொக். டொக். மூடி இருபதில் இறங்கியது. அவளே மூடியை இழுத்துக்கொண்டு போய்ப் பாம்பின் வாலில், ஆறாம் கட்டத்தில் வைத்தாள். முறைக்கட்டையை எடுத்து முத்துப்பல்லின் கையில் கொடுத்தாள். "உன் முறை."

நாத்தனார் புருவத்தை உயர்த்தினார். டீச்சர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

முத்துப்பல்லின் சிவப்பு மூடி பதினெட்டில் இருந்தது. அவனுக்கு விழுந்தது இரண்டு. அவன் இருபதில் வைத்தான், பாம்பைப் பார்த்தான், முகம் வாடியது. டாக்டரின் விரல் மெல்ல நீண்டது. மருதாணிச் சிவப்பில் பளபளத்த நகம் ஒரு தட்டுத் தட்டியது. மூடி இருபத்தொன்றுக்கு நகர்ந்துவிட்டது.

"இருபத்தொண்ணு கண்ணா. நீ சரியாத்தான் வச்சே" என்றார் மெதுவாக.

புல்டோசரின் இரண்டு கைகளும் பலகையின் விளிம்புக்குப் போயின. ஆனால் அவள் தூக்கவில்லை. டீச்சரைப் பார்த்தாள்.

"பார்த்தீங்கல்ல?"

பார்த்தார். நாத்தனாரும் பார்த்தார். பார்த்துவிட்டு, விட்டுவிடு என்று கண்ணால் சாடை காட்டினார். விட்டுவிட்டால் டாக்டர் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். பலகை மட்டும் பறக்கும். இந்தமுறை பறப்பதில் ஒரு தப்பும் இருக்காது. விடாவிட்டால் ஒரு வேன் நிறையப் பிள்ளைகள் போகும், அப்புறம் வீட்டிலும் பள்ளியிலும் நாத்தனார் சும்மா விடமாட்டார்.

"டாக்டரம்மா, கையை எடுங்க. உங்க பையன் இருபதுல இருக்கான்."

"என்னது?"

"நகத்தால தள்ளிட்டீங்க. பாம்பு கடிச்சாச்சு. கீழ வரணும்."

"ஒரு கட்டம். குழந்தைங்க ஆடற ஆட்டம். இதுக்குப் போய் என்னைத் திருடி மாதிரி..."

"அதேதான் நானும் சொல்றேன். குழந்தைங்க ஆடற ஆட்டம். நீங்க ஆட வரல."

"போதும். வாடா, போலாம்" என்று டாக்டர் விருட்டென்று எழுந்தார். முழங்கால்கள் மேசைக்கடியில் இருந்ததை மறந்துவிட்டார். மேசையும் அவரோடு எழுந்தது. பலகை சரிந்து கவிழ்ந்தது, மூன்று மூடிகளும் தரையில் ஓடின, பகடை நாத்தனார் காலடியில் போய் நின்றது.

தூங்குமூஞ்சிகூட மூக்கிலிருந்து விரலை எடுத்துவிட்டாள்.

புல்டோசர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள், இது தன் வேலையா என்று சந்தேகப்பட்டவள் போல. அப்புறம் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். இதில் அவளுக்கு நல்ல பழக்கம். பலகையை நிமிர்த்தினாள். தன் பச்சை மூடியை ஆறில் வைத்தாள். தூங்குமூஞ்சியின் மஞ்சள் மூடியை அவள் கையில் கொடுத்து, "நீ பதினாலு" என்றாள். சிவப்பு மூடியை முத்துப்பல்லிடம் நீட்டினாள். எந்தக் கட்டம் என்று சொல்லவில்லை.

அவன் அம்மாவைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். மூடியை இருபதில் வைத்து, பாம்பின் வளைவுகளில் விரலால் மெதுவாக இழுத்துக்கொண்டு வந்து, பச்சை மூடியோடு இடித்து நிறுத்தினான்.

"வந்துட்டேன்" என்றான்.

"டேய், எந்திரி. போலாம்னு சொன்னேன்."

"இன்னும் முடியலம்மா."

டாக்டர் ஷட்டரில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே போய், முற்றத்து வெயிலில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். உள்ளே ஆட்டம் தொடர்ந்தது. கடைசியில் ஜெயித்தது தூங்குமூஞ்சி. அவளுக்கு அது தெரியவில்லை; சொன்ன பிறகும் நம்பவில்லை.

பிள்ளைகள் கைகழுவப் போனதும் நாத்தனார் பகடையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார். "பலகை கவுந்துடுச்சு."

"அந்தப் பொண்ணு கவுத்தான்னுதானே மேடம் பேச்சு. கவுத்தவங்க வெளியில நிக்கறாங்க. நீங்களே போய்ச் சொல்லுங்க, திங்கக்கிழமையிலேர்ந்து வரவேண்டாம்னு."

நாத்தனார் வெளியே ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பேச்சை டாக்டரிடம் எடுப்பதற்கு அவருக்குத் தைரியம் வரவில்லை.

"அந்தப் பொண்ணு இருக்கட்டும். ஆனா அந்தப் பையனை நிறுத்திட்டாங்கன்னா உன்னை நான் மன்னிக்கவே மாட்டேன், ஞாபகம் வச்சுக்கோ."

"நீங்க என்னிக்கு என்னை மன்னிச்சீங்க, அண்ணி" என்றார் கறார் டீச்சர். கேட்டுக்குள் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல்தடவை. நாத்தனார் பகடையை மேசையில் எறிந்துவிட்டுப் போனார்.

பையனை நிறுத்தவில்லை. திங்கட்கிழமை டிரைவர் கொண்டுவந்து விட்டுவிட்டு, வேறு மேசையில் உட்கார வைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதாகச் சொன்னார். அதற்குள் முத்துப்பல் புல்டோசருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, விழுந்துவிட்ட பல்லின் ஓட்டையை விரலால் காட்டிக்கொண்டிருந்தான்.

நன்றி சொல்ல யாரும் வரவில்லை. புதன்கிழமை காலையில் வந்தது சண்டைதான். அப்பன்காரர் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டிலேயே டீச்சரை மறித்தார்.

"என்ன டீச்சர் சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கீங்க? நேத்து லீவுன்னு குடோனுக்குக் கூட்டிட்டுப் போனேன். நான் பெட்டி எண்றேன், எல்லார் முன்னாடியும் தப்பு தப்புங்கறா. முதல் பெட்டி ஒண்ணு இல்லையாம், சைபராம். மேஸ்திரி சிரிக்கறாரு. என் மானம் போச்சு."

"பெட்டிக்கு அது இல்லைன்னு சொல்லித்தான் குடுத்தேன். ரெண்டும் வேற வேற ஆட்டம்னு..."

"ஒண்ணுன்னா எல்லா இடத்துலயும் ஒண்ணுதான். நீங்க பிள்ளையைக் குழப்பி..."

"குழப்பினது நானா? நாலு வயசுப் பிள்ளைகிட்ட உலகத்துல எல்லாரும் திருடன்னு சொல்லி வச்சது யாரு?"

"நான் எப்போ உலகத்துல எல்லாரும்னு..."

பின்னால் பைகளோடு அம்மாக்களும் பிள்ளைகளும் சேர்ந்துவிட்டார்கள். யாரோ ஹார்ன் அடித்தார்கள். புல்டோசர் அப்பாவின் கையை உதறிக்கொண்டு இருவருக்கும் நடுவில் வந்து நின்று, நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசறீங்க" என்றாள். "அப்பா, உன் முறை முடிஞ்சுது. டீச்சர், இப்ப நீங்க."

அப்பன்காரர் வாயை மூடிக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்தபடி காத்து நின்றார். டீச்சர் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, அந்தப் பெட்டிக் கணக்கை முதலிலிருந்து அவருக்குச் சொல்ல ஆரம்பித்தார்.